காயலான் கடைக்குப் போன கதாநாயகன்

பாதியில் கைவிடப்பட்ட ஒரு பிரிட்டிஷ் கப்பல்தான் இந்தியாவின் முதல் விமானந்தாங்கி. விரிசல் விட்ட கொதிகலனோடு போருக்குப் போய் ஜெயித்துத் திரும்பிய விக்ராந்தை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதைப் பழுது பார்த்துக் கற்ற பாடம் வீணாகவில்லை.

2025 ஜூன் 14 இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அழையா விருந்தாளி ஒன்று வந்து இறங்கியது. பிரிட்டிஷ் படையின் எஃப்-35பி போர் விமானம் அது. அரபிக்கடலில் நின்ற எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியிருந்தது. வானிலை மோசமாகி, எரிபொருளும் குறைந்துவிட, கப்பலுக்குத் திரும்ப வழியில்லாமல் கரைக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் ஹைட்ராலிக் கோளாறு வேறு. கப்பலிலிருந்து வந்த மெக்கானிக்குகள் முயன்று பார்த்தார்கள். பலிக்கவில்லை.

நூறு மில்லியன் டாலருக்கு மேல் விலையுள்ள அந்த விமானம் இடவப்பாதி மழையில் நாட்கணக்கில் நனைந்துகொண்டு நின்றது. சுற்றிலும் துப்பாக்கி ஏந்திய காவல். ஜூலை 6ஆம் தேதி பிரிட்டனிலிருந்து தனிக் குழு வந்த பிறகுதான் அதை ஏர் இந்தியாவின் பராமரிப்புக் கூடத்துக்கு இழுத்துச் சென்றார்கள். ஜூலை 22 அன்று ஒருவழியாகப் பறந்து போனது. நடுவில் இருந்த ஐந்து வாரத்தில் ஊரே சிரித்துவிட்டது. வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை என்ற பொருள்பட கேரள சுற்றுலாத் துறை விளம்பரமே போட்டது.

சிரித்து முடித்த பிறகு யோசிக்க ஒரு விஷயம் மிஞ்சியது. உலகத்தின் நவீன விமானமே ஆனாலும், ஸ்பானரைப் பிடிக்கத் தெரிந்தவர் வந்து சேரும்வரை அது வெறும் உலோகம்தான். கப்பலுக்கும் இதே நியாயம். இந்தியாவின் முதல் விமானந்தாங்கியான ஐ.என்.எஸ். விக்ராந்தின் சரித்திரத்தைப் புரட்டினால், தளபதிகளின் பெயர்களுக்கு நடுவே, பெயர் பதிவாகாத பழுது பார்ப்பவர்கள்தான் பக்கத்துக்குப் பக்கம் தென்படுகிறார்கள்.

பாதிக் கப்பல்

விக்ராந்த் பிறந்தபோது அதன் பெயர் ஹெர்குலிஸ். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்ட ஆரம்பித்தார்கள். 1945 செப்டம்பர் 22 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஜப்பான் சரணடைந்து உலகப் போரே முடிந்துவிட்டது! போர் இல்லாதபோது போர்க்கப்பல் எதற்கு? 1946இல் வேலை நிறுத்தப்பட்டது. முழுமை பெறாத அந்தக் கப்பல் பத்து வருடம் சும்மா கிடந்தது.

1957 ஜனவரியில் இந்தியா அதை வாங்கியது. சுதந்திரம் வாங்கிப் பத்து வருடம்கூட முடியாத நாடு. வயிற்றுக்கே இறக்குமதி தானியத்தை எதிர்பார்த்த காலம். புதிதாகக் கட்டச் சொல்லும் வசதி நமக்கு இல்லை. விலைக்கு வந்த பாதிக் கப்பலை வாங்கி, மீதியைக் கட்டித் தரும்படி அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில் விட்டார்கள். டைட்டானிக்கைக் கட்டிய அதே தளம்தான்.

பத்து வருடம் தாமதமானதில் ஒரு லாபமும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. அவற்றைக் கப்பலில் ஏற்றி இறக்கப் புது உத்திகளும் வந்துவிட்டன. விமானத்தை உந்தி எறியும் நீராவிக் கவண், சாய்வாக அமைந்த இறங்குதளம், விமானிக்கு இறங்கும் கோணத்தைக் காட்டும் கண்ணாடி ஏற்பாடு எல்லாம் விக்ராந்தில் பொருத்தப்பட்டன.

1961 மார்ச் 4 அன்று, பிரிட்டனுக்கான இந்தியத் தூதர் விஜயலட்சுமி பண்டிட் பெல்ஃபாஸ்டில் கப்பலைக் கடற்படையில் சேர்த்தார். கிரேக்க வீரனின் பெயர் போய் சமஸ்கிருதப் பெயர் வந்தது. விக்ராந்த் என்றால் வீறு நடை போடுபவன், பராக்கிரமசாலி. கேப்டன் பிரீதம் சிங் மஹிந்த்ரூ முதல் தலைவர்.

முழுச் சுமையோடு சுமார் 19,500 டன் எடை. நீளம் 213 மீட்டர். திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையின் நீளம் 3 கிலோமீட்டருக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, அலையில் ஆடுகிற இரும்புத் தட்டில்தான் ஜெட் விமானம் இறங்கவேண்டும். விமானத்தின் வாலிலுள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளில் ஒன்றைப் பிடிக்கவேண்டும். பிடிக்கத் தவறினால் முழு வேகத்தில் மேலே எழும்பி இன்னொரு சுற்று வரவேண்டும். 1961 மே 18 அன்று இதை முதன்முதலில் செய்து காட்டியவர் லெப்டினன்ட் ஆர்.எச். தஹிலியானி. பிற்காலத்தில் அவரே கடற்படையின் தலைமைத் தளபதியானார்.

தெற்கத்திக்காரர்கள் பெருமைப்பட இங்கே இரண்டு விஷயங்கள் உண்டு. கடற்படையின் முதல் விமானத்தளமான ஐ.என்.எஸ். கருடா 1953இல் கொச்சியில் தொடங்கியது. விக்ராந்துக்கான ஸீ ஹாக் ஜெட்கள் கோவாவுக்குக் குடிபோகும் முன்பு வாசம் செய்தது கோயம்புத்தூருக்கு அருகே சூலூரில்.

மூழ்காமலே மூழ்கிய கப்பல்

1961 நவம்பர் 3 அன்று பம்பாய் வந்து சேர்ந்த விக்ராந்தைப் பிரதமர் நேரு வரவேற்றார். அடுத்த மாதமே கோவா விடுதலை நடவடிக்கை. விக்ராந்த் கடலில் காவல் நின்றது. சண்டைக்கு அவசியம் ஏற்படவில்லை.

1965 போரில் நிலைமை இன்னும் மோசம். விக்ராந்த் பழுது பார்க்கும் துறையில் கிடந்தது. அதைக் கடலில் மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. பம்பாயில் பத்திரமாக நிற்கும் கப்பல் மூழ்கிவிட்டது என்ற செய்தி வேடிக்கைதான். ஆனால் கப்பலில் வேலை செய்தவர்களுக்கு அது வலித்தது. போர் வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? வெள்ளை யானை என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும் நிலை.

இரும்புப் பட்டையும் துணிச்சலும்

அடுத்த போர் நெருங்கியபோது இன்னொரு அதிர்ச்சி. நீராவி தயாரிக்கும் கொதிகலன்களில் உள்விரிசல்கள் விட்டிருந்தன. வெல்டிங் வைத்து மூடுகிற சமாசாரம் அல்ல. உதிரிபாகம் பிரிட்டனிலிருந்து வரவேண்டும். நான்கு கொதிகலன்களில் ஒன்றை அடியோடு நிறுத்தவேண்டியதாயிற்று.

கொதிகலன் கெட்டால் வேகம் மட்டுமா குறையும்? விமானந்தாங்கியில் கொதிகலன்தான் உயிர்நாடி. விமானத்தை உந்தும் கவணுக்கும் அதே நீராவிதான். தவிர, விமானம் எழும்பத் தளத்தின் மீது எதிர்காற்று வீசவேண்டும். கடலில் காற்று இல்லாத நாளில் கப்பலே வேகமாக ஓடி அந்தக் காற்றை உண்டாக்கவேண்டும். மணிக்கு 25 நாட் ஓடக்கூடிய விக்ராந்துக்கு 16 நாட் என்று கடிவாளம் போட்டார்கள். கரைக் கணக்கில் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு மொபெட் வேகம்.

இந்த நிலையில் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா? கடற்படை மேலிடத்திலேயே எதிர்ப்பு இருந்தது. நீராவிக் கசிவு என்பது எஞ்சின் அறையில் நிற்பவர்களின் உயிர்ப் பிரச்னை. தலைமைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா வேறு கணக்குப் போட்டார். 1965இல் வீட்டில் உட்கார்ந்த கப்பல் 1971லும் உட்கார்ந்தால், இந்தியாவுக்கு விமானந்தாங்கியே தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அனுப்புவது என்று தீர்மானமானது.

எஞ்சினியர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது. கொதிகலன்களைச் சுற்றி இரும்புப் பட்டைகளை இறுக்கிக் கட்டினார்கள். பீப்பாய்க்கு வளையம் போடுவதுபோல. கசிவு ஏற்பட்டால் உடனே தெரிவதற்குக் கண்காணிப்புச் சாளரம் வைத்தார்கள். போர் முழுவதும் அந்தக் கொதிகலன்களை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டு கீழே நின்றவர்கள் குண்டு போட்டதில்லை, விமானம் ஓட்டியதில்லை. அவர்கள் கண் அசந்திருந்தால் மேலே ஒரு விமானமும் கிளம்பியிருக்காது.

நாகர்கோவில்காரரின் நாடகம்

கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தலைவராக அப்போது இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம்தான். அன்றைக்கு இரண்டும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். 1961இல் ஐ.என்.எஸ். டெல்லி கப்பலின் தலைவராக டையூ சண்டையில் ஈடுபட்டவர்.

அவர் முன்னால் இருந்த பிரச்னை, மெதுவாக ஓடும் கப்பலை நீர்மூழ்கிகளிடமிருந்து மறைப்பது. 1971 நவம்பர் 14 அன்று பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி, விக்ராந்தை வேட்டையாடக் கராச்சியிலிருந்து புறப்பட்டது. காஸியும் சொந்தத் தயாரிப்பு அல்ல. டயாப்ளோ என்ற பழைய அமெரிக்க நீர்மூழ்கி. உலகப் போர்க் காலத்துப் பழைய பொருள் ஒன்று, அதே காலத்துப் பழைய பொருள் இன்னொன்றைத் தேடி வந்துகொண்டிருந்தது.

விக்ராந்த் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் தலைகாட்டிவிட்டு, அந்தமான் தீவுகளின் ஒதுக்குப்புறமான ஒரு துறைமுகத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. ஆனால் அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்க கிருஷ்ணன் ஒரு நாடகம் போட்டார். ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பல்தான் விக்ராந்த் வேஷம் கட்டியது. பெரிய கப்பலுக்கு உரிய அளவில் வயர்லெஸ் செய்திகளை அனுப்பித் தள்ளியது. ஆயிரம் பேருக்குத் தேவைப்படும் அளவில் மளிகை, இறைச்சி, காய்கறிக்கு ஊர் காண்டிராக்டர்களிடம் ஆர்டர் கொடுக்கப்பட்டது. சந்தைப் பேச்சு ஒற்றர் காதுக்கு எட்டாமலா போகும்? போதாததற்கு, ஒரு மாலுமியின் தாயாருக்கு உடல்நிலை மோசம் என்று கேட்டு, ரகசியக் குறியீடு இல்லாத செய்தி ஒன்றை வேண்டுமென்றே அனுப்பவைத்தார்கள். அஜாக்கிரதையாக நழுவியதுபோல!

நம்பினார்கள். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கு வெளியே காஸி வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய ஆழ்கடல் குண்டுகள்தான் காரணம் என்பது இந்தியத் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியோ உள்ளே ஏற்பட்ட விபத்தோதான் காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. விவாதம் இன்றுவரை தீரவில்லை. உள்ளே இருந்த தொண்ணூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்கள் இன்றும் அந்தக் கடலடியில்தான் இருக்கிறார்கள்.

டிசம்பர் 4 காலை விக்ராந்திலிருந்து ஸீ ஹாக்குகள் கிளம்பின. காக்ஸ் பஜார், சிட்டகாங் விமானத்தளங்களும் துறைமுகமும் தாக்கப்பட்டன. பகலில் ஜெட்கள், இரவில் மூவர் அமரும் அலிஸே விமானங்கள் என்று தாக்குதல் தொடர்ந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து கடல் வழியாகத் தப்பவோ, உதவி வந்து சேரவோ வழி அடைபட்டது. அமெரிக்கா தன் ஏழாவது கப்பற்படையிலிருந்து அணுசக்திக் கப்பலான என்டர்பிரைஸை வங்கக் கடலுக்கு அனுப்பியபோது, பட்டை கட்டிய கொதிகலனோடு அந்தக் கடலில் நின்றது விக்ராந்த். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

கப்பலின் தலைவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், ஸீ ஹாக் அணியின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. வெள்ளை யானைப் பேச்சு அதோடு நின்றது.

அறுபது கோடிக்கு ஏலம்

அதன் பிறகு கப்பலுக்கு வயதாகத் தொடங்கியது. ஸீ ஹாக்குகள் 1978இல் ஓய்வு பெற்றன. ஓடாமலே எழும்பக்கூடிய ஸீ ஹாரியர் 1983 டிசம்பரில் முதன்முதலாக விக்ராந்தில் இறங்கியது. அதற்காகக் கப்பலை மீண்டும் பிரித்துக் கட்டினார்கள். கவண் போயிற்று, தளத்தின் முகப்பை மேல்நோக்கி வளைத்துச் சறுக்குமேடை வைத்தார்கள். பாதிக் கப்பலாக வந்ததை நம் ஆட்கள் அடையாளம் தெரியாமல் மாற்றியிருந்தார்கள். 1987இல் ஹெர்மிஸ் என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் விராட் என்ற பெயரில் துணைக்கு வந்தது. அதுவும் இரண்டாம் கைச் சரக்குதான். 1982 ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் அணியின் தலைமைக் கப்பலாக இருந்தது.

1997 ஜனவரி 31 அன்று விக்ராந்த் ஓய்வு பெற்றது. 36 வருட சேவை. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பொதுமக்கள் ஏறிப் பார்த்தார்கள். நிரந்தரமாகப் பராமரிக்கப் பணம் போட யாரும் முன்வரவில்லை. அடித்தட்டு அரித்துப்போய், பாதுகாப்பு இல்லை என்று 2012இல் கதவைச் சாத்தினார்கள். பிறகு ஏலம். சுமார் 60 கோடி ரூபாய்க்குக் கப்பலை உடைக்கும் நிறுவனம் ஒன்று எடுத்தது. காப்பாற்றக் கோரி பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்கள். பலனில்லை. 2014 நவம்பரில் மும்பையில் கேஸ் கட்டர்கள் வேலையைத் தொடங்கின.

வங்கக் கடலில் எதிரி தேடிக் கண்டுபிடிக்க முடியாத கப்பல் காயலான் கடையில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதன் இரும்பில் கொஞ்சம் வாங்கி, 2016இல் பஜாஜ் நிறுவனம் மோட்டார் சைக்கிளில் கலந்து விற்றது. விராட்டுக்கும் இதே கதி. 38.54 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டு, 2020இல் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

வேறு வழியே இல்லையா? நியூயார்க்கில் இன்ட்ரெபிட், சான் டியாகோவில் மிட்வே என்று அமெரிக்கா பல விமானந்தாங்கிகளை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால், விமானந்தாங்கியைக் கண்டுபிடித்த நாடுகளில் ஒன்றான பிரிட்டன், தன்னுடைய ஒன்றைக்கூடக் காப்பாற்றவில்லை. உப்புக்காற்றில் நிற்கும் 200 மீட்டர் இரும்பைப் பராமரிப்பது விளையாட்டல்ல. ஆனால் விசாகப்பட்டினம் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி, 2002 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. அளவு சிறியது, செலவும் குறைவு என்பது உண்மை. அங்கே மனமும் இருந்தது என்பதும் உண்மை.

கொச்சியில் மறுபிறவி

உடைத்த இரும்பு போயிற்று. தொழில் போகவில்லை. கவணும் கம்பியும் கொதிகலனும் கழற்றி மாட்டிப் பழகிய அனுபவம் கடற்படையில் தங்கியிருந்தது. சொந்தமாகவே கட்டலாம் என்ற தைரியம் அங்கிருந்துதான் வந்தது.

திருவனந்தபுரத்திலிருந்து 200 கிலோமீட்டர் வடக்கே கொச்சி கப்பல் கட்டும் தளம். 1972இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. அங்கே 2005இல் முதல் இரும்புத் தகடு வெட்டப்பட்டது. போர்க்கப்பலுக்கான விசேஷ எஃகை வெளிநாட்டிலிருந்து வாங்குவதில் சிக்கல் வந்தபோது, பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையும் செயில் நிறுவனமும் சேர்ந்து இங்கேயே தயாரித்தன. 2009 பிப்ரவரியில் அடிமரம் வைத்து, 2013 ஆகஸ்டில் நீரில் இறக்கி, 2021இல் கடலோட்டம் பார்த்து, 2022 செப்டம்பர் 2 அன்று பிரதமர் மோடி கப்பலைக் கடற்படையில் சேர்த்தார். பெயர் அதே விக்ராந்த். பக்கவாட்டில் எழுதிய எண்ணும் பழைய கப்பலின் எண்தான்: ஆர் 11.

நீளம் 262 மீட்டர், எடை 40,000 டன்னுக்கு மேல், அறைகள் மட்டும் சுமார் 2,300, செலவு சுமார் 20,000 கோடி ரூபாய். கருவி தந்த நிறுவனங்களின் பட்டியலில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கெல்ட்ரானும் உண்டு. 76 சதவிகிதம் உள்நாட்டுப் பொருள் என்கிறது அரசு. மீதிக் கணக்கையும் பார்க்கவேண்டும். டர்பைன் அமெரிக்க வடிவமைப்பு. தளத்தில் நிற்கும் மிக்-29கே ரஷ்ய விமானம். அடுத்து வரவிருக்கும் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் பிரான்சுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கப்பல் நம்முடையதாகிவிட்டது, அதன் மேல் பறப்பது இன்னும் ஆகவில்லை. மழையில் நனைந்த பிரிட்டிஷ் விமானத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நம் விமானத்துக்கு வரும் உதிரிபாகமும் ஒரு நாள் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருக்கும்.

2025 டிசம்பர் 3 அன்று கடற்படை தினத்தையொட்டி, சங்குமுகம் கடற்கரையில் சாகசக் காட்சி நடந்தது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பார்வையிட்டார். எஃப்-35பி ஐந்து வாரம் தங்கிப் போன விமான நிலையம் அந்தக் கடற்கரையை ஒட்டியதுதான். இந்த முறை கடலில் நின்றது பக்கத்து ஊரில் கட்டிய விக்ராந்த்.

பழைய விக்ராந்திலிருந்து ஒரு பொருள் மட்டும் காயலான் கடைக்குத் தப்பி உரிய இடம் சேர்ந்திருக்கிறது. 1961 முதல் கப்பலில் ஒலித்த மணி. கப்பல் ஓய்வு பெற்றபின் கடற்படையிடம் இருந்த அது, 2023இல் புதிய கப்பலுக்குத் தரப்பட்டது. மாலுமிகளின் நேரத்தை அறிவிக்கும் மணி. எஞ்சின் அறையில் கண் அசராமல் நின்றவர்களுக்கு, இனி நீ போய்த் தூங்கலாம் என்று 1971இல் சொன்னதும் அந்த மணிதான்.